சிபிபி தேர்வும் ஒரு நாள் பயணத் திட்டமும்

ஓரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்புப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். பாதுகாப்புத் துறையினருக்கான ஏசிஸ் இன்டர்நேஷனல் அமைப்பு நடத்தும் சிபிபி (Certified Protection Professional) சான்றிதழ்த் தேர்வில் இரண்டாவது முயற்சியில்தான் தேறினேன். முதல் தடவை என்னைக் கீழே தள்ளியது, எனக்கு அத்துப்படி என்று நம்பியிருந்த பகுதி: நிறுவனத் தலைவர்களுக்கான பாதுகாப்பு. ராணுவம், காவல் துறை என்று களத்திலிருந்து இந்தப் பக்கம் வருகிற பலரும் அதே இடத்தில் தடுக்கி விழுவதைப் பார்க்கிறேன். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

தேர்வின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 225 கொள்குறி வினாக்கள், 4 மணி நேரம். அதில் 25 வினாக்கள் சோதனைக்காக வைத்தவை. அவற்றுக்கு மதிப்பெண் இல்லை, ஆனால் எவை என்று நமக்குத் தெரியாது. ஒரு வினாவுக்கு 64 விநாடிதான் கிடைக்கும். தேர்ச்சிக்கு 650 புள்ளி வேண்டும்; இது சரியான விடைகளின் எண்ணிக்கை இல்லை, தனி அளவுகோலுக்கு மாற்றிய மதிப்பெண். விண்ணப்பிக்கத் துறை அனுபவம் தேவை, அதில் 3 ஆண்டாவது ஒரு பாதுகாப்புப் பணிக்கு நேரடிப் பொறுப்பில் இருந்திருக்க வேண்டும்.

பாடத்திட்டத்தில் ஏழு பகுதிகள். தலைவர்களுக்கான பாதுகாப்பு, பணியாளர் பாதுகாப்பு என்ற பகுதியில் வருகிறது. அந்த ஒரு பகுதியோடு அதை மூடிவைத்ததுதான் என் முதல் பிழை. எம்.டி.யின் வீட்டுக் கதவும் கேமராவும் கட்டடப் பாதுகாப்பில் வரும். அவருடைய பயணத் திட்டம் யார் யார் கைக்குப் போகிறது என்பது தகவல் பாதுகாப்பு. இத்தனைக்கும் செலவை நிர்வாகத்திடம் எப்படி நியாயப்படுத்துவது என்பது வணிகப் பகுதி. அமெரிக்காவில் பங்குச்சந்தையில் உள்ள நிறுவனம், தலைவரின் தனிப்பட்ட பாதுகாப்புக்குச் செய்யும் செலவை அவருக்குத் தரும் சலுகையாகக் கணக்கிட்டுப் பங்குதாரர்களுக்கு வெளிப்படுத்த வேண்டும். வரி விதியோ, உண்மையான ஆபத்துக்கு ஆதாரம் இருக்கிறதா, முறையான பாதுகாப்பு ஏற்பாடோ சுயேச்சையான ஆய்வோ இருக்கிறதா என்று கேட்கிறது. எழுத்தில் ஒரு மதிப்பீடு இல்லாமல் இந்த வேலையில் ஓர் அடிகூட நகர முடியாது என்பது எனக்கு இங்கேதான் உறைத்தது.

சரி, விடையைத் தேர்ந்தெடுப்பதற்கு வருகிறேன். உண்மையான வினாக்களைப் பகிர அனுமதி இல்லை; ஆகவே நானே ஒன்றை உருவாக்குகிறேன். தலைமைச் செயல் அதிகாரிக்கு மிரட்டல் மின்னஞ்சல் ஒன்று வந்திருக்கிறது. முதலில் என்ன செய்வீர்கள்? கூடுதலாக இரண்டு பிஎஸ்ஓ (தனிப் பாதுகாவலர்) போடுவதா, பயணத்தை ரத்துசெய்வதா, குண்டு துளைக்காத வண்டி கேட்பதா, மிரட்டலை மதிப்பிடுவதா? களத்தில் வளர்ந்த எனக்குக் கை நேராக பிஎஸ்ஓவுக்குப் போகும். எதிர்பார்க்கும் விடை மதிப்பீடு. எழுதியவர் யாராக இருக்கலாம், அவரால் முடியுமா, நம் பக்கம் எங்கே ஓட்டை, நடந்தால் விளைவு என்ன என்று பார்த்த பிறகே ஆளும் வண்டியும். வினாவிலேயே உயிருக்கு உடனடி ஆபத்து என்று வந்தால் மட்டும் இந்த வரிசை மாறும். அப்போது ஆளை அங்கிருந்து அகற்றுவதுதான் முதல் வேலை. வினாவில் 'முதலில்', 'மிகச் சிறந்த' போன்ற சொற்களை அடிக்கோடிட்டதுபோல் படித்துப் பழகுங்கள்.

கோட்பாடுகளை வெறுமனே மனப்பாடம் செய்தபோது எனக்கு நிற்கவில்லை. நடந்த சம்பவங்களோடு முடிச்சுப் போட்டபோது நின்றது. மூன்றை மட்டும் சொல்கிறேன். 1989 நவம்பர் 30 அன்று டாய்ச்ச வங்கியின் தலைவர் ஆல்ஃபிரட் ஹெர்ஹௌசன், ஜெர்மனியின் பாட் ஹோம்பர்கில் வீட்டிலிருந்து கிளம்பிய சற்று நேரத்தில் கொல்லப்பட்டார். கவச மெர்சிடிஸ், பாதுகாப்பு வண்டிகள் எல்லாம் இருந்தன. சாலையோரம் நிறுத்திய சைக்கிளில் குண்டு. அகச்சிவப்புக் கதிரை வண்டி கடந்ததும் வெடித்தது. வீட்டை விட்டு வெளியேறும் பாதை எதிராளிக்குத் தெரிந்திருந்தால் கவசத்துக்கும் ஓர் எல்லை உண்டு.

1992 ஏப்ரல் 29 அன்று எக்சான் எண்ணெய் நிறுவனத்தின் உயர் அதிகாரி சிட்னி ரீசோ, நியூ ஜெர்சியில் தன் வீட்டு வாசல் பாதையிலேயே கடத்தப்பட்டார். சில நாட்களில் இறந்தும்போனார். கடத்தியவர் அதே நிறுவனத்தின் பாதுகாப்புப் பிரிவில் முன்பு வேலை பார்த்தவர். வேலையை விட்டுப் போகிறவர்களைப் பற்றிய பாடத்தை நான் இந்த ஒரு சம்பவத்தை வைத்துத்தான் படித்தேன். அப்புறம் 2024 டிசம்பர் 4: அமெரிக்க மருத்துவக் காப்பீட்டு நிறுவனமான யுனைடெட் ஹெல்த்கேரின் தலைவர் பிரையன் தாம்சன், முதலீட்டாளர் கூட்டத்துக்காக நியூயார்க்கில் ஹில்டன் ஹோட்டலை நோக்கிக் காலையில் தனியாக நடந்துவந்தபோது சுடப்பட்டார். கூட்டம் நடப்பது ரகசியமில்லை, உடன் பாதுகாவலர் யாரும் இல்லை.

இந்தச் சம்பவங்களைப் படிக்கும்போது ஒரே கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: அவர் எந்த நேரத்தில் எங்கே இருப்பார் என்பது எதிராளிக்கு எப்படித் தெரிந்தது? வீடு, அலுவலகம், வண்டி, முன்பே அறிவித்த நிகழ்ச்சி. பெரும்பாலும் விடை இவற்றுக்குள் அடங்கிவிடும்.

இரண்டாவது முயற்சிக்குப் படித்தபோது எனக்குப் பெரிய உதவியாக இருந்தது, ஒரு நாள் பயணத் திட்டத்தை முழுசாக எழுதிப் பார்ப்பது. மீனம்பாக்கத்தில் இறங்கும் விருந்தினர் ஓரகடம் வந்து திரும்ப வேண்டும், அவ்வளவுதான். இரண்டு வழி, மாற்று வண்டி, நெரிசலில் சிக்கும் இடங்கள், ஒதுங்க ஏற்ற காவல் நிலையம், யார் யாருக்கு என்ன விவரம் தெரியலாம் என்று ஒரே தாளில் எழுதுவேன். வாரத்துக்கு ஒன்றாக எட்டு வாரம் எழுதினேன். ஏழு பகுதிகளும் அந்தத் தாளுக்குள் வந்துவிட்டன.

அந்த யோசனை ஒரு தவறிலிருந்து வந்தது. வெளிநாட்டிலிருந்து வரும் இயக்குநர் ஒருவருக்காகத் திட்டம் போட்டிருந்தேன். வயது அறுபதைத் தாண்டியவர், இதய நோயாளி. வரைபடத்தில் பார்த்து, அருகில் இருக்கும் மருத்துவமனையின் பெயரை எழுதிவைத்தேன். முந்தின நாள் இரவு எங்கள் ஓட்டுநர் அண்ணன் தாளைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சார், அங்க ராத்திரியில டியூட்டி டாக்டரே இருக்கிறதில்ல. போன மாசம் என் மச்சானைக் கூட்டிட்டுப் போய்த் திரும்பி வந்தேன்." நான் நேரில் போய்ப் பார்க்கவே இல்லை. அன்று இரவே கிளம்பி, இதய சிகிச்சை உள்ள வேறு மருத்துவமனைக்கு வண்டியில் எத்தனை நிமிடம் ஆகிறது என்று ஓட்டிப் பார்த்துத் திட்டத்தை மாற்றினோம்.

துப்பாக்கிக்காரனைவிட மாரடைப்பும் சாலை விபத்தும்தான் நாம் காக்கும் ஆளுக்கு அதிகம் நேரக்கூடியவை. 2022இல் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அதனால் திட்டத்தில் ஓட்டுநரின் தூக்க நேரம், சீட் பெல்ட், முதலுதவி தெரிந்த ஆள் ஆகியவற்றைப் பாதுகாவலருக்கு இணையாக எழுதுங்கள். தேர்விலும் நிகழ்தகவையும் விளைவையும் சேர்த்து எடைபோடும் இந்தப் பழக்கம் கைகொடுக்கும்.

கடைசி மூன்று வாரம் மாதிரித் தேர்வு மட்டும் எழுதினேன். நான்கு மணி நேரம் எழாமல் உட்காருவதற்கே பயிற்சி வேண்டும். தவறிய வினாவுக்குப் பக்கத்தில் சரியான விடையை எழுதாமல், தவறான விடை எனக்கு ஏன் சரியாகப் பட்டது என்று எழுதினேன். அந்த நோட்டில் பாதிக்கு மேல் ஒரே காரணம்தான் திரும்பத் திரும்ப இருந்தது: மதிப்பிடும் முன் செயலில் இறங்கிவிட்டேன்.

தேறிய பிறகு 3 ஆண்டுக்கு ஒருமுறை 60 கல்விப் புள்ளிகள் காட்டிச் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும். பயிற்சி வகுப்பு, கருத்தரங்கு எதற்குப் போனாலும் அதன் சான்றை அன்றே ஒரு கோப்பில் போட்டுவிடுங்கள். மூன்றாம் ஆண்டில் தேடினால் கிடைக்காது.