மூல அறுவைக்குப் பிறகு: முதல் மலமும் பத்தாவது நாளும்

மில்லிகன்–மார்கன் முறையில் மூலக்கட்டிகளை வெட்டியெடுத்த இடத்தைத் தைத்து மூடுவதில்லை. புண் தானாக ஆற 4 முதல் 6 வாரம் ஆகும். வெட்டுகளுக்கு இடையே தோல் பாலங்களை, அதாவது வெட்டாத தோல் பட்டைகளை, விட்டுவைப்பார்கள். அவை போதாவிட்டால் ஆசனவாய் சுருங்கிவிடும்.

அறுவை நடந்த அன்று இரவு சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது சகஜம். முதுகில் போட்ட மயக்க ஊசியும் வலியும்தான் காரணம்.

எல்லாரும் பயப்படுவது முதல் மலத்துக்கு. பயந்து சாப்பிடாமல் இருப்பதுதான் பெரிய தப்பு. மலம் இறுகும், புண் கிழியும். டிராமடால் போன்ற வலி மாத்திரைகளும் மலத்தைக் கட்டும். அதனால் மருத்துவர் சொன்ன மலமிளக்கியை முதல் நாளே தொடங்குங்கள். இசப்கோல் என்றால் ஒரு டம்ளர் தண்ணீர் கட்டாயம். தண்ணீர் குறைந்தால் அதுவே அடைக்கும். மலம் கழித்ததும் இடுப்பளவு வெந்நீரில் 10–15 நிமிடம் உட்காருங்கள். வெதுவெதுப்பு போதும், உப்பு, டெட்டால் எதுவும் வேண்டாம்.

துடைக்கும்போது லேசாக ரத்தம் ஒட்டலாம். ஆனால் 7 முதல் 14 நாளுக்குள் கட்டி கட்டியாக ரத்தம் கொட்டினால், காய்ச்சலோடு வலி ஏறினால், உடனே ஆஸ்பத்திரி.