40 நாட்ஸ் காற்று, 50 சென்டிமீட்டர் மழை

எங்கள் ஊர் ஊத்தங்கரைப் பக்கம். கடலைப் பார்க்கவே நாலைந்து மணி நேரம் பஸ்ஸில் போக வேண்டும். இங்கிருந்து கிளம்பிப் போய்ச் சரக்குக் கப்பலில் செகண்ட் ஆபீசராக இருக்கிறேன் என்பதால், லீவில் வரும்போதெல்லாம் டீக்கடையில் ஒரே கேள்விதான்: "ஏம்பா, நடுக்கடல்ல புயல் வந்தா என்னா பண்ணுவீங்க?" வந்த பிறகு பண்ணுவதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. அது வரும் இடத்தில் நாம் இல்லாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை. கப்பலுக்குப் பாதை போடுவது என் பொறுப்பு, ஆகவே அந்தத் தலைவலி முதலில் என்னிடம்தான் வரும்.

வங்காள விரிகுடா, அரபிக்கடல் இரண்டிலும் புயல் எச்சரிக்கை டெல்லியில் இருக்கும் இந்திய வானிலை ஆய்வுத் துறையிலிருந்து வரும். நடுக்கடலில் சாட்டிலைட் வழியாக, கரைக்குப் பக்கத்தில் 518 கிலோஹெர்ட்ஸில் நாவ்டெக்ஸ் என்ற ரேடியோ செய்தி வழியாக. மையம் எந்த அட்ச தீர்க்க ரேகையில், காற்றழுத்தம் எவ்வளவு, எந்தப் பக்கம் எவ்வளவு வேகத்தில் நகர்கிறது, காற்று எத்தனை நாட்ஸ் (ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு நாட்டிக்கல் மைல், அதாவது 1.85 கிலோமீட்டர்), அலை எத்தனை மீட்டர், எல்லாம் தந்தி மாதிரி சுருக்கமாக இருக்கும். டிவியில் எங்கே கரையைக் கடக்கும் என்று ஒரு கோடு போடுவார்கள். எங்களுக்குக் கோட்டை விட, அந்தக் கோடு எவ்வளவு தப்பாகப் போகலாம் என்பதுதான் முக்கியம். பழைய கணக்கு ஒன்று உண்டு: 24 மணி நேரக் கணிப்புக்கு 100 நாட்டிக்கல் மைல், 48க்கு 200, 72க்கு 300 பிழை வைத்துக்கொள். அதையும் மையத்திலிருந்து அளக்கக் கூடாது, 34 நாட்ஸ் காற்று வீசும் வட்டத்தின் ஓரத்திலிருந்து அளக்க வேண்டும். இப்போது கணிப்புகள் எவ்வளவோ தேறிவிட்டன, ஆனாலும் எங்கள் கேப்டன் அந்த வட்டங்களைச் சார்ட்டில் பார்க்காமல் விடமாட்டார்.

அலை விஷயமும் இப்படித்தான். 4 மீட்டர் என்று போட்டிருந்தால் எல்லா அலையும் 4 மீட்டர் என்று அர்த்தமில்லை, உயரமான மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரி அது. நடுவே ஒன்று அதைப் போல இரண்டு மடங்கு வரலாம். அந்த மாதிரி நாட்களில் எங்கள் சமையல்காரர் மேஜை விரிப்பை ஈரமாக நனைத்துப் போட்டுவிடுவார், தட்டு வழுக்காது. ரசம் மட்டும் கிடையாது.

இவ்வளவு மெஷின் இருந்தும் காற்றழுத்தம் காட்டும் பாரோமீட்டரைப் பார்க்கும் பழக்கம் போகவில்லை. கேடட்டாக, அதாவது பயிற்சியில் இருந்தபோது ஒரு நாள் ராத்திரி 12 மணியிலிருந்து 4 மணி வரைக்கான வாட்சில் (காவல் முறையில்) அழுத்தம் இறங்கிக்கொண்டே இருந்தது. பத்து மணிக்கு 1011 ஹெக்டோபாஸ்கல் என்று எழுதியிருந்தார்கள், மூன்றரைக்கு 1008. எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. வாட்சில் இருந்த தூத்துக்குடிக்காரரிடம் ஓடிப் போய்ச் சொன்னேன். அவர் பாரோமீட்டரைக்கூடத் திரும்பிப் பார்க்காமல், "மணி என்னல?" என்றார். விஷயம் இதுதான்: வெப்பமண்டலக் கடலில் அழுத்தம் காலை பத்து, ராத்திரி பத்து மணிவாக்கில் ஏறும், நாலு மணிக்கும் நாலு மணிக்கும் இறங்கும், தினமும் மூச்சு விடுகிற மாதிரி. அதைக் கழித்த பிறகும் அந்த மாதத்துக்கான சராசரியை விட 3 ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் சந்தேகப்படு, 5 குறைந்தால் பக்கத்தில் புயல் இருக்கிறது என்றே நம்பு. அப்போது காற்றைப் பார்த்து நின்றால், பூமத்திய ரேகைக்கு வடக்கே, மையம் உன் வலது கைப்பக்கம் கொஞ்சம் பின்னால் இருக்கும். விடிந்து பத்து மணிக்குப் பார்த்தேன், 1011.

இந்த அளவுகளை எழுதி நாங்களும் ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை கரைக்கு அனுப்புகிறோம். அடுத்த கணிப்புக்கு அதுவும் போய்ச் சேரும். ஆனால் புயலைக் கண்டு கப்பல்கள் எல்லாம் ஓடிவிடுவதால், அளவு மிகவும் தேவைப்படும் இடத்தில்தான் அளக்க ஆள் இருக்காது. பாதி வேலை சாட்டிலைட் தலையில்.

சரி, இதையெல்லாம் ஏன் எழுத உட்கார்ந்தேன் என்றால், 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது நான் லீவில் வீட்டில் இருந்தேன். தொழில்காரன் ஆயிற்றே, அம்மா என்னைத்தான் கேட்டார். பார்த்தேன். காற்று 40 நாட்ஸ் அளவில். 34லிருந்து 47 வரை வெறும் 'புயல்', அதற்கு மேல் தீவிரப் புயல், மிகத் தீவிரப் புயல் என்று ஏணி போகிறது. அடிப் படிக்கட்டில் நிற்கிற சாமான் இது. "சின்னதும்மா, பாண்டிச்சேரி பக்கம் ஏறினதும் படுத்துடும்" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போனேன்.

நவம்பர் 30 ராத்திரி அது புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை ஏறியது. காற்று படுத்தது, நான் சொன்ன மாதிரியேதான். புயல் மட்டும் நகரவில்லை. மணிக்கணக்காக அங்கேயே நின்றது, அப்புறம் ஊர்ந்து ஊர்ந்து மேற்கே வந்தது. ஞாயிறு ராத்திரி மழை சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்கவில்லை. ரெண்டு மணிக்கு முழங்கால் தண்ணீரில் நின்று, செல்போனை வாயில் கவ்விக்கொண்டு அந்த வெளிச்சத்தில், ஏரி வாய்க்கால் ஓரக் கொட்டகையிலிருந்து மாடுகளை அவிழ்த்தேன். ஈரத்தில் கயிறு முடிச்சு இறுகிப் போய் வரவே இல்லை, அறுவாளால் அறுத்தேன். திங்கள் காலை ஊத்தங்கரையில் 24 மணி நேரத்து மழை 50 சென்டிமீட்டர் என்றார்கள். ஊருக்குள் நிறுத்தியிருந்த வண்டிகளை வெள்ளம் இழுத்துப் போனதை நீங்களும் வீடியோவில் பார்த்திருப்பீர்கள்.

யோசித்துப் பார்த்தால், அந்த ஏணி முழுவதும் காற்றை வைத்துக் கட்டியது. கப்பலுக்கு மழை என்பது ரேடாரில் விழும் கறை, கண்ணுக்குத் தெரியாத தூரம், அவ்வளவுதான். பெய்த தண்ணீர் கடலோடு போய்விடும். வானிலைத் துறை மழை எச்சரிக்கையைத் தனியாகத்தான் கொடுக்கிறது, அதை நான் திறந்துகூடப் பார்க்கவில்லை. கப்பலில் எந்தக் கண்ணால் பார்ப்பேனோ அதே கண்ணால் ஊரில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

அடுத்த தடவை கப்பலில் இருந்தபோது, விரிகுடாவில் ஒரு ஆழ்ந்த தாழ்வு மண்டலம், 30 நாட்ஸ். பாதையைக் கிழக்கே கொஞ்சம் ஒதுக்கிப் போட்டுவிட்டு, வாட்ச் முடிந்ததும் வைஃபை கிடைக்கிற மூலையாகப் பார்த்து நின்று வீட்டுக்குப் பேசினேன். மாட்டை ரோட்டு மேட்டில் இருக்கும் பெரியப்பா வீட்டில் கட்டுங்கள், வண்டியையும் அங்கேயே விடுங்கள் என்றேன்.

"எத்தன நாட்ஸ்டா?" என்று கேட்டார் அம்மா.

சொன்னேன்.

"சின்னதுதானேடா."