லிகான்காபூர் ஏறப் போகிறவர்களுக்கு

சிலி–பொலிவியா எல்லையில் 5,916 மீட்டர் உயரம் நிற்கிறது லிகான்காபூர் எரிமலை. நாங்கள் ஏறியது பொலிவியா பக்கமாக. உச்சியும் எரிமலை வாயும் சிலிக்குள் இருக்கின்றன. வடகிழக்குச் சரிவின் கீழ்ப்பகுதிதான் பொலிவியாவுக்கு. ஆனாலும் வழக்கமான ஏறுவழி இதுதான். காரணம், 1970-களில் சிலி ராணுவம் எல்லையோரம் கண்ணிவெடிகளைப் புதைத்தது. நாடு முழுக்க அகற்றி முடித்தது 2020-ல்தான்.

சிலிப் பக்கத்துச் சான் பெத்ரோ தே அதகாமா ஊர் 2,400 மீட்டரில் இருக்கிறது. எல்லையைக் கடக்கும் ஹீட்டோ கஹோன் கணவாய் ஏறத்தாழ 4,480. ஒரு மணி நேர ஜீப் பயணத்தில் இரண்டாயிரம் மீட்டர் கூடிவிடுவதால், மறுநாளே ஏறுகிறவர்களுக்குத் தலைவலியும் வாந்தியும் வருகின்றன. 4,000-க்கு மேல் மூன்று நான்கு இரவாவது தங்குங்கள். உச்சியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் பாதிதான். தலைவலி கூடிக்கொண்டே போனால் இறங்கிவிடுவதே மருந்து.

கணவாயில் சிலியின் வெளியேறும் முத்திரை, பொலிவியாவின் நுழைவு முத்திரை இரண்டையும் வாங்குங்கள். சிலிக்குத் திரும்பும்போது பழம், கோக்கா இலை எதுவும் பையில் இருக்கக் கூடாது.

அடிவாரத்து லகூனா வெர்தே ஏரியில் ஆர்சனிக் கலந்திருக்கிறது, காய்ச்சினாலும் போகாது. ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் சுமந்தே ஆகவேண்டும். தண்ணீர்ப் பையின் உறிஞ்சு குழாய் விடியற்காலைக் குளிரில் உறைந்துவிடும். பாட்டிலைத் தலைகீழாக வையுங்கள்; பனிக்கட்டி மேலே மிதப்பதால் மூடிப்பக்கம் அடைபடாது.

பசிபிக் கடலடியிலுள்ள நாஸ்கா புவித்தட்டு தென்னமெரிக்கத் தட்டுக்கு அடியில் செருகுவதால் பிறந்த மலை இது. ஆண்டிசைட் என்ற பாறையாக இறுகும் எரிமலைக் குழம்பு கெட்டியானது. நெடுந்தூரம் ஓடாமல் வாயைச் சுற்றியே குவிந்ததால்தான் இவ்வளவு செங்குத்து. மேலே கிடப்பது உதிரிக்கல். வைத்த கால் பாதி தூரம் பின்னுக்கே வழுக்கும். பெரிய லாவாப் பாறைகள் துருத்தும் முகடுகளைப் பிடித்து ஏறுங்கள், ஒவ்வொரு கல்லையும் அழுத்திப் பார்த்த பிறகு எடையைப் போடுங்கள். ஒருவருக்கு நேர்கீழே இன்னொருவர் வரவே கூடாது. தலைக்கவசம் அவசியம்.

வாயின் விளிம்பில் இன்கா பேரரசுக் காலக் கற்கட்டடங்கள் உண்டு. லாவா அவற்றை மூடவில்லை. அதாவது 500 ஆண்டுகளுக்கு மேலாக வெடிப்பில்லை. தயவுசெய்து ஒரு கல்லைக்கூட நகர்த்தாதீர்கள். வாய்க்குள் சுமார் 90 மீட்டர் நீள ஏரி. அடித்தண்ணீர் 6 டிகிரியில் உறையாமலே இருப்பதற்கு அடியிலிருந்து வரும் வெப்பமே காரணம் என்கிறார்கள்.

நள்ளிரவு தாண்டியதும் கிளம்பினால் ஏற ஆறிலிருந்து எட்டு மணி நேரம். பிற்பகலில் காற்று ஆளைத் தள்ளும். பன்னிரண்டு மணிக்குள் விளிம்பு எட்டாவிட்டால், நிற்கிற இடத்திலிருந்தே திரும்புங்கள்.