பண்ண மாட்டா

"அக்கா போன் பண்ணா என்னண்ணா சொல்லட்டும்?"

"பண்ண மாட்டா."

பேச்சு இவ்வளவுதான். ஷிஃப்ட் மாறுகிற நேரம், லேப் வாசலில் நின்றுகொண்டு. தம்பி கையில் லாக் புத்தகம், என் தோளில் சுருட்டிக் கட்டிய துடுப்புப் போர்டு. பத்து விநாடிகூட ஆகியிருக்காது. ஒரு வருஷமாக அதையே திருப்பித் திருப்பி ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஆபீஸில் நான் சொன்னது, மாமனார் வீட்டில் விசேஷம். வீட்டில் மனைவியிடம், தம்பி அக்கா என்கிறவளிடம், சொன்னது, சீசன், மூன்று நாள் தொடர்ந்து ஷிஃப்ட், கம்பெனி ரூமிலேயே தங்கல். இரண்டு பொய்யும் ஒரே ஆளுக்குத்தான் தெரியும். குவாலிட்டியில், அதாவது தரச் சோதனையில், என்கூட இருக்கும் அந்தத் தம்பி, என்னைவிடப் பதினான்கு வயது சின்னவன். அவன் ஷிஃப்டோடு என் ஷிஃப்டையும் சேர்த்துப் பார்க்க ஒப்புக்கொண்டவன். "சரிண்ணா, போயிட்டு வாங்க" என்று சொன்னவன்தான் அந்தக் கேள்வியையும் கேட்டான்.

கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஃபேக்டரியில் வேலை பார்க்கிறவனுக்கு ஜூன் மாதம் சொந்தமில்லை. அல்போன்சா முடிந்து பெங்களூரா ரக மாம்பழம் லாரி லாரியாக வந்து வாசலில் நிற்கும். எனக்கு வந்த துடுப்புப் போட்டியோ மங்களூர்ப் பக்கம், சரியாக ஜூன் முதல் வாரம். தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் அந்தக் கடலில் இறங்க முடியாது, அதனால் அவர்கள் தள்ளிவைக்க வழியில்லை. மாம்பழமும் தள்ளிவைக்காது.

தண்ணீரில் போர்டு மேல் நின்றபடி துடுப்புப் போடும் பந்தயத்துக்கு இந்த ஊர்க்காரன் எப்படிப் போய்ச் சேர்ந்தான் என்பது தனிக்கதை. இரண்டாம் கையாக வாங்கிய காற்றடைக்கும் போர்டு, பன்னிரண்டரை அடி. காற்றழுத்தம் பதினைந்து பிஎஸ்ஐ வரும்வரை கைப்பம்பை அழுத்தினால் பந்தயத்துக்கு முன்பே பாதி உயிர் போய்விடும். நைட் ஷிஃப்ட் முடிந்து காலை ஆறரைக்குப் பாரூர் பெரிய ஏரிக்குப் போவேன். மீன் குத்தகைக்காரர் நல்ல மனுஷர், வலை விரித்த பக்கம் போகாதே என்பதோடு விட்டுவிட்டார். பரிசல் போடும் பெரியவர் ஒருவர் மட்டும் என் துடுப்பை வாங்கிப் பார்த்து, "இதென்ன, இலை முன்னாடி வளைஞ்சிருக்கு, தப்பாப் புடிச்சிருக்கியா?" என்றார். இல்லை, அப்படித்தான் பிடிக்க வேண்டும். இழுப்பு முடியும்போது தண்ணீரை மேலே தூக்காமல் பின்னால் தள்ளுவதற்காக அந்தச் சாய்வு. நானே முதல் இரண்டு மாதம் தலைகீழாகத்தான் பிடித்தேன், அவரிடம் அதைச் சொல்லவில்லை. பரிசல் வட்டம், சும்மா விட்டால் சுற்றும், முன்னால் துழாவி இழுக்க வேண்டும். போர்டு நீளம், வாலின் அடியில் மீன் துடுப்பு மாதிரி ஒரு ஃபின், அது பாட்டுக்கு நேராகப் போகும். திருப்புவதுதான் பாடு. வால் பக்கம் நாலு எட்டு பின்னால் நடந்து, மூக்கைத் தூக்கி, மிதவையைச் சுற்ற வேண்டும். எனக்கு அது இன்னும் சரியாக வரவில்லை.

வீட்டுக்குத் தெரியாமல் இதைச் செய்யவில்லை. மனைவிக்கு ஏரி தெரியும், போர்டு தெரியும். "கரை ஏறினதும் ஒரு மிஸ்டு கால் குடுங்க" என்பாள். முந்தின வருஷம் சென்னைப் பக்கத்துக் கோவளம் போட்டிக்குப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு சேர்ந்துதான் போனோம். அப்புறம் ஏன் பொய்? பெண்ணுக்குப் பள்ளி திறக்கிற வாரம், அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆகிப் பத்து நாள். கேட்டிருந்தால் போக வேண்டாம் என்று சொல்லியிருக்க மாட்டாள். "உங்க இஷ்டம்" என்றிருப்பாள். அந்த இரண்டு வார்த்தையை வாங்கிக்கொண்டு பஸ் ஏற எனக்குத் தைரியமில்லை. அவளுக்கு ஏன் வீண் கவலை என்றுதான் மறைத்தேன் என்று அப்போது நினைத்தேன். இப்போது எழுதும்போது அது அவ்வளவு எடுபடவில்லை.

பெங்களூர் போய், அங்கிருந்து ராத்திரி பஸ். கோவளத்து சேகர் பச்சை மாதிரி தேசிய சாம்பியன்களின் வீடியோவை மலைப்பாதை முழுக்கப் பார்த்துக்கொண்டே போனேன். கடலோரத்துப் பிள்ளைகளுக்குக் காலடியில் அலை பழகியிருக்கும். ஏரியில் பழகினவனுக்குப் பக்கவாட்டில் வரும் சின்ன அலைகூடப் பெரிது. இருநூறு மீட்டர் ஸ்பிரிண்டில் முதல் சுற்றோடு சரி. தூரப் பந்தயத்தில் கடைசிக்கு முந்தினவன். ஆனாலும் அந்த ஒரு மணி நேரத்துக்கும் மேலான நேரத்தில் பிரிக்ஸ் என்கிற இனிப்பு அளவு, பிஎச் என்கிற புளிப்பு அளவு, லாரி, கடன் ஒன்றும் தலையில் இல்லை. அது வேண்டும் என்றுதான் போனேன், கிடைத்தது. இதை மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கரைக்கு வந்து பையைத் திறந்து போனை எடுத்தால் ஆறு மிஸ்டு கால். ஆறும் தம்பி. பெங்களூரா டேங்க் ஒன்றில் பிரிக்ஸ் பதின்மூன்றுக்குப் பக்கத்தில் நிற்கிறது. பதினாலு வேண்டும். நன்றாகப் பழுக்காத லோடு ஏதோ உள்ளே போயிருக்கிறது. நிரப்பச் சொல்லி ப்ரொடக்‌ஷன்காரர் கத்தியிருக்கிறார், தம்பி கையெழுத்துப் போடாமல் நிறுத்தி வைத்திருக்கிறான். நான் கூப்பிட்டபோது எல்லாம் முடிந்திருந்தது. இனிப்பு கூடின வேறு டேங்கோடு கலந்து, மறுபடி சோதித்து, டிரம்முக்கு அனுப்பிவிட்டான். நானே இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். "உங்க சாரக் கேட்டியா"ன்னு மேனேஜர் கேட்டாராம். "கேட்டுட்டேன் சார், அண்ணன் கலக்கச் சொன்னாரு" என்றிருக்கிறான். ஆக மூன்றாவது பொய் அவனுடையது, எனக்காக.

வீட்டிலிருந்து ஒரு கால்கூட இல்லை.

அன்றைக்கு அதைப் பார்த்து நிம்மதிதான் வந்தது. சொன்னபடியே நடந்தது பார் என்று ஒரு கெட்டிக்காரத்தனம்கூட. இப்போதுதான் உறைக்கிறது. கண் ஆபரேஷன் ஆகி வீட்டில் அம்மா, புது வகுப்புக்குப் போகும் பெண், மூன்று நாள், ஒரு போன் இல்லை. சீசனில் கூப்பிட்டால் நான் எடுக்க மாட்டேன், எடுத்தாலும் எரிந்து விழுவேன் என்று எத்தனை வருஷத்தில் பழகிக்கொண்டாளோ. நான் யோசிக்காமல் அவ்வளவு உறுதியாகச் சொன்னதே அதை வைத்துத்தானே. தம்பியின் முகம் அப்போது எப்படி இருந்தது என்று ஞாபகப்படுத்தப் பார்க்கிறேன், வரவில்லை. அவனுக்கு அப்போது கல்யாணமாகி நாலு மாதம்.

திரும்பி வந்து இரண்டு நாள் கழித்து அவள் சொன்னாள்: "போர்டு பையில மணல் இருந்துச்சு, உதறி வெச்சிருக்கேன்." பாரூர் ஏரியில் கறுப்பு வண்டல்தான் ஒட்டும். அவளே எத்தனையோ தடவை அதைத் தேய்த்துக் கழுவியிருக்கிறாள். நான் "சரி" என்றேன். இன்றுவரை அதற்கு மேல் அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது அவளுக்குச் செய்யும் மரியாதை என்று சில நாள் தோன்றும். சில நாள் சோறு இறங்காது.

வேலை, வீடு, விளையாட்டு மூன்றையும் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று லேபுக்குப் புதிதாக வந்த பையன் ஒருவன் கேட்டான். காலையில் சீக்கிரம் எழுந்திருக்க வேண்டும் என்று ஏதோ சொல்லிவைத்தேன். தம்பி அப்போது பக்கத்தில்தான் இருந்தான், தலை நிமிரவில்லை.

போன வாரம் அதே தம்பி லீவு லெட்டர் கொண்டுவந்தான். ஜூன் முதல் வாரம், மூன்று நாள். காரணம் என்ற இடத்தில் "குடும்ப விஷயம்" என்று எழுதியிருந்தான். சீசன் நேரம், நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.