14 ஸ்லைடும் ஒரு கேள்வியும்

சுயாதீன இயக்குநர் ஒருவரைப் பற்றி வகுப்பில் பேச வேண்டும், ஆளுக்கு 15 நிமிடம். எனக்கு வந்தவர் ஜான் கசாவெட்டிஸ். 14 ஸ்லைடு தயாரித்தேன்: பிறந்த வருடம், நடித்த படங்கள், விருதுகள், கடைசியில் 'நன்றி'. மூன்றாவது ஸ்லைடிலேயே பின்வரிசையில் போன் வெளிச்சம் தெரிய ஆரம்பித்துவிட்டது.

அவர் இயக்கிய 'ஷேடோஸ்' (1959) படத்தின் முடிவில், நீங்கள் பார்த்தது நடிகர்கள் அந்தந்தக் கணத்தில் உருவாக்கியது என்று ஒரு அட்டை வரும். அதை நம்பி அப்படியே சொன்னேன். ஆசிரியர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "1958-ல ஒரு தடவை போட்டுக் காட்டிட்டு, ஏன்ப்பா மறுபடி எடுத்தார்?" முழித்தேன். அன்று இரவுதான் தேடிப் படித்தேன். முதல் வடிவம் அவருக்கே பிடிக்கவில்லை. மறுபடி எடுத்ததில் முன்கூட்டியே எழுதிய காட்சிகள் நிறைய. படம் தன்னைப் பற்றித் தானே சொல்வதைக்கூடச் சரிபார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

இந்தத் துறையில் வீரக்கதைகளுக்குப் பஞ்சமில்லை. ராபர்ட் ரோட்ரிகஸ் 'எல் மரியாச்சி'யை (1992) 7,000 டாலரில் எடுத்தார் என்று வகுப்பில் இரண்டு பேர் சொன்னார்கள். படப்பிடிப்புக் கணக்கு அதுதான். தியேட்டருக்குப் போன பிரதிக்காக கொலம்பியா நிறுவனம் அதைப்போலப் பல மடங்கு செலவழித்ததை ஒருத்திதான் சொன்னாள். அதோடு விடவில்லை. ஒரு வசனக் காட்சியைப் போட்டு, ஷாட் மாறும்போதெல்லாம் எங்களைக் கைதட்டச் சொன்னாள். தட்டித் தட்டிக் கை ஓய்ந்தது. ஒலியைப் படம் பிடிக்கும்போதே பதியவில்லை, தனியாகப் பதிந்தார். உதடும் குரலும் விலகும் இடத்தில் வேறு ஷாட்டுக்குத் தாவிவிட்டார் என்று அதற்கப்புறம்தான் விளக்கினாள். கையில் காசு இல்லாதது திரையில் எந்த இடத்தில் தெரிகிறது என்று அவள் காட்டியதை இன்றும் மறக்கவில்லை.

இன்னொருவன் சார்லஸ் பர்னெட்டின் 'கில்லர் ஆஃப் ஷீப்' படத்தில் கணவனும் மனைவியும் ஆடும் காட்சியை முதலில் சத்தமில்லாமல் போட்டான். பிறகு டைனா வாஷிங்டனின் பாட்டோடு. வகுப்பே அமைதியாகிவிட்டது. அப்போது சொன்னான்: பர்னெட் மாணவராக இருந்தபோது வார இறுதிகளில் எடுத்து, 1977-ல் பல்கலைக்கழகத்துக்குச் சமர்ப்பித்த படம். பாட்டுகளுக்கு உரிமை வாங்கக் காசில்லாததால் 2007 வரை முறையாகத் தியேட்டருக்கு வரவில்லை. ஸ்லைடு மொத்தம் இரண்டே.

அடுத்த பருவத்தில் சத்யஜித் ராயை நானே கேட்டு வாங்கினேன். இந்தத் தடவை வாழ்க்கை வரலாற்றை நாலு வரியில் முடித்தேன். 'அபராஜிதோ'வில் (1956) காசி வீட்டு முற்றம் வரும் 2 நிமிடத்தைப் போட்டு, "வெளிச்சம் எங்கிருந்து வருது?" என்று கேட்டேன். வானத்திலிருந்து என்றார்கள் எல்லோரும். அது ஸ்டுடியோவுக்குள் போட்ட செட். ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா மேலே வெள்ளைத் துணியைக் கட்டி, விளக்கொளியை அதில் பட்டுத் திரும்ப வைத்திருந்தார். மறுபடி போட்டபோது எல்லோரும் சுவரில் நிழலைத் தேடினார்கள்.

நடைமுறை விஷயம் மூன்று. கிளிப்பை இணையத்திலிருந்து ஓட்டாதீர்கள், பென் டிரைவில் வெட்டி எடுத்துப் போங்கள். ஸ்பீக்கரை வகுப்பு தொடங்கும் முன்பே சோதியுங்கள். யாராவது கேட்டால் மாட்டிக்கொள்வோம் என்று தோன்றும் கேள்வியை முந்தின இரவே எழுதி, பதில் தேடி வையுங்கள்.

ராயின் முதல் படமான 'பதேர் பாஞ்சாலி'க்காக நாணல் பூக்களுக்கு நடுவே பாதிக் காட்சி எடுத்துவிட்டு, மீதிக்குத் திரும்பிப் போனால் மாடுகள் பூவை மேய்ந்திருந்தன. அடுத்த பூக்கும் பருவம் வரை காத்திருந்தார்கள். அருமையான கதை, ஆனால் திரையில் அதன் தடயமே இல்லை. அதனால் பேச்சிலிருந்து எடுத்துவிட்டு, கேள்வி நேரத்துக்கென்று பத்திரமாக வைத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை.