குடியுரிமை நீதிபதியின் முன்னால் நாட்களுக்குக் கணக்குக் காட்டிய கதை

கனடாவில் குடியுரிமை கேட்பவர், விண்ணப்பத்துக்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில் 1,095 நாட்களாவது நாட்டுக்குள் இருந்திருக்க வேண்டும். என் கணக்கில் 1,121 நாட்கள் இருந்தன. அறிவுத் தேர்விலும் சிக்கலின்றித் தேறியிருந்தேன். ஆகவே, நான் கனடாவில் இருந்த நாட்கள் குறித்து அதிகாரி திருப்தியடையவில்லை என்றும், கோப்பு குடியுரிமை நீதிபதிக்கு அனுப்பப்பட்டுள்ளது என்றும் கடிதம் வந்தபோது, யாருடைய கோப்போடோ என் கோப்பு மாறிவிட்டது என்றே முதலில் எண்ணினேன்.

பிழை என்னுடையதுதான். எல்லைச் சேவைகள் முகவரகத்திடம் என் பயணப் பதிவுகளைக் கேட்டுப் பெற்று, விண்ணப்பத்தின் பிரதியோடு வரிவரியாக ஒப்பிட்டபோது அது வெளிப்பட்டது. அப்பா காலமானபோது, இரண்டு வாரத்தில் திரும்புவதாகப் பயணச்சீட்டு எடுத்து யாழ்ப்பாணம் போனவன், 31ஆம் நாள் செய்யும் அந்தியேட்டிச் சடங்கும் முடியட்டும் என்று திரும்பும் நாளை 18 நாள் தள்ளிப்போட்டிருந்தேன். விண்ணப்பத்தை நிரப்பும்போதோ, மின்னஞ்சலில் கிடந்த பழைய பயணச்சீட்டைப் பார்த்துத் திகதியை எழுதிவிட்டேன். 18 நாட்களைக் கழித்தால் 1,103. மிஞ்சியது எட்டே நாள். (புறப்பட்ட நாளும் வந்திறங்கிய நாளும் கனடாவில் இருந்த நாட்களாகவே எண்ணப்படும் என்ற விதியை அன்று நினைத்து நன்றி சொன்னதுபோல் வேறெந்த விதிக்கும் சொன்னதில்லை.)

கணக்கு தேறினாலும், ஒரு திகதி பிழைத்த பின் மற்றவற்றை நீதிபதி ஏன் நம்ப வேண்டும்? நிரூபிக்கும் பொறுப்பு விண்ணப்பதாரருடையது. வெளியே போனதற்குக் கடவுச்சீட்டில் முத்திரை உண்டு. வீட்டிலேயே இருந்ததற்கு எவரும் முத்திரை குத்துவதில்லை. வருமான வரி மதிப்பீட்டு அறிவித்தல்கள் உழைத்ததைக் காட்டினவேயன்றி, எந்த நாளில் எங்கே நின்றேன் என்பதைக் காட்டவில்லை. ஒன்ராறியோ மருத்துவக் காப்புறுதியில் பதிவான மருத்துவர் சந்திப்புகள், கடைகளில் அட்டையால் செலுத்தியது தெரியும் வங்கிக் கூற்றுகள், வேலை நேர அட்டவணைகள் ஆகியவையே கைகொடுத்தன. வேலையின்றி இருந்த நான்கு மாதங்கள்தான் என்னைப் படுத்தியெடுத்தன. பல் மருத்துவரின் பற்றுச்சீட்டு, மகளின் பாடசாலையில் நான் கையெழுத்திட்ட தாள் என்று துண்டுதுண்டாகச் சேர்த்தேன். அனைத்தையும் மாதவாரியாக அடுக்கி, முகப்பில் பொருளடக்கமும், திகதிப் பிழையை நானே ஒப்புக்கொள்ளும் கடிதமும் வைத்தேன்.

விசாரணை ஏறத்தாழ ஒரு மணிநேரம் நடந்தது. நீதிபதி அம்மையார் முதலில் கேட்டதே அந்தப் பிழையைத்தான். நான் அந்தியேட்டி பற்றி விளக்கத் தொடங்க, அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, திரும்பி வந்து எந்த நாளில் வேலைக்குப் போனீர்கள் என்று மட்டும் கேட்டார். வேலையற்ற மாதங்களில் வாடகையை எப்படிக் கொடுத்தேன் என்பதையும் விசாரித்தார். ஒரு கேள்விக்கு, “நினைவில்லை, பதிவைப் பார்த்துச் சொல்கிறேன்” என்று பொருளடக்கத்தைப் புரட்டினேன். ஊகித்து எழுதியதன் விளைவாகத்தானே அங்கே உட்கார்ந்திருந்தேன். இரவிரவாகப் படித்த கனடா வரலாற்றில் ஒரு கேள்வியும் வரவில்லை.

தீர்ப்பு அன்றே சொல்லப்படவில்லை. சில வாரங்களில் எழுத்தில் வந்தது, எனக்குச் சாதகமாக. மறுக்கப்பட்டிருந்தால், 30 நாட்களுக்குள் சமஷ்டி நீதிமன்றத்தில் நீதித்துறை மீளாய்வுக்கு நான் அனுமதி கோரியிருக்கலாம். அதே வழி அரசுக்கும் திறந்திருந்ததால், சத்தியப்பிரமாணத்துக்கான அழைப்பு வரும்வரை அந்தக் கோப்பை மேசையிலிருந்து நான் அகற்றவில்லை.