காயலும் கயாக்கும்: ஒரு தூண்டில் நாட்குறிப்பு

11 ஜனவரி 2025, சனி

கயாக் என்னும் சிறு துடுப்புப் படகில் இருந்து தூண்டில் போடக் கற்கும் முதல் வகுப்பு. விடிவதற்கு முன்பே மணக்குடிக் காயலில் இறங்கிவிட்டோம். தூண்டிலைத் தொடவே இல்லை. "முதலில் உட்காரப் பழகுங்கள் தங்கச்சி, மீன் எங்கேயும் போய்விடாது" என்றார் அண்ணன். கற்றுத் தருபவரை இங்கே அண்ணன் என்றே எழுதப்போகிறேன். குளச்சல் பக்கத்துக்காரர். அவருடைய அப்பா கட்டுமரத்தில் போனவர்.

கயாக் 12 அடி நீளம், தூக்கினால் சுமார் 30 கிலோ. உள்ளே நுழைந்து உட்காரும் வகையல்ல, மேலே அமரும் வகை. கால் வைக்கும் இடத்தில் அடிவரை ஊடுருவிச் செல்லும் துளைகள். படகில் ஓட்டையா என்று திகைத்தேன். "ஏறுகிற தண்ணீர் இதன் வழியாகத்தான் இறங்கும். உடம்பு முழுக்க அடைத்த காற்று, அதனால் தாழாது" என்றார். அதைக் கேட்டதும் தாத்தாவின் கட்டுமரம் கண்முன் வந்தது. மரங்களின் இடைவெளியில் தண்ணீர் வரும், போகும். ஆள் நனைவான், மரம் தாழாது. ஆங்கிலத்தில் கேட்டமரான் என்று சொல்வது நம்முடைய சொல்தான். எங்கள் வீட்டுப் பின்புறத்தில் அந்த மரம் நான் ஆறாம் வகுப்பு படிக்கும்வரை கிடந்தது. ஒருநாளும் தண்ணீரில் அதன்மேல் உட்கார்ந்ததில்லை. எங்கள் கரையில் பெண்கள் மீன் சுமப்பார்கள், ஏலத்தில் எடுப்பார்கள், ஊர் ஊராக விற்பார்கள், கடலில் இறங்குவதில்லை. எனக்கு இப்போது முப்பத்தாறு வயது.

துடுப்பைக் கையால் இழுக்கக் கூடாதாம். முதுகை நிமிர்த்தி, இடுப்பைத் திருப்ப வேண்டும். கை சும்மா கூடவே போகும். பாலத்துக்கு அடியில் வந்தபோது இருவரும் துடுப்பை நிறுத்தினோம். 2004 சுனாமி பழைய பாலத்தை உடைத்துப் போட்ட இடம். பழையாறு சத்தமில்லாமல் கடலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

12 ஜனவரி, ஞாயிறு

ஊரே கடலுக்குப் போகாத நாள். கை வலிக்கவில்லை, விலா வலிக்கிறது. அண்ணனிடம் சொன்னேன். அப்படியென்றால் சரியாகத்தான் துடுப்புப் போட்டிருக்கிறீர்கள் என்றார்.

18 ஜனவரி, சனி

இன்று கவிழ்வதற்கான பாடம். நடுக்காயலில் வேண்டுமென்றே சாயச் சொன்னார். சாய்ந்தேன். காதில் தண்ணீர், மூக்கில் உப்பு. உயிர்காப்புச் சட்டை தோளைப் பிடித்து மேலே தூக்கியது. குப்புறக் கிடந்த படகின் மறுவிளிம்பை எட்டிப் பிடித்து, என் எடையைப் பின்னால் சாய்த்து இழுத்தால் அது நிமிர்ந்துவிடுகிறது. அதுவரை எளிது. ஏறுவதுதான் பாடு. முதல் முறை கைகளை ஊன்றி எழும்பப் பார்த்தேன், படகு என்மேலேயே கவிழ்ந்தது. இரண்டாவது முறையும் அப்படியே.

"மரத்தில் ஏறுவதுபோல் ஏறாதீர்கள். கால்களைப் பின்னால் மிதக்கவிட்டு, நீந்தியபடியே வயிற்றால் ஏறுங்கள்."

வயிறு படகின் குறுக்கே கிடந்தது. அப்புறம் புரண்டு இருக்கையில் அமர்ந்தேன், கடைசியாகக் கால்களை உள்ளே இழுத்தேன். ஆறாவது முறை அவர் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார், நானே ஏறினேன். துடுப்பைக் கயிற்றால் படகோடு கட்டுவது எதற்கு என்பதும் புரிந்தது. படகு கையில் இருந்து, துடுப்பு போய்விட்டால் என்ன செய்வது?

வீட்டுக்கு வந்து ஈரத் துணியைக் காயப் போட்டபோது அம்மா எதுவும் கேட்கவில்லை. சூடாகக் கஞ்சி வைத்தாள்.

25 ஜனவரி, சனி

தூண்டில்! உயிர் இறாலைக் கோர்ப்பதற்கே அரை மணி நேரம் பழகினேன். தலையில் தெரியும் கரும்புள்ளியில் முள் பட்டால் இறால் செத்துவிடும். அந்தப் புள்ளிக்கு முன்னால், கொம்புக்கு அடியில் ஏற்ற வேண்டும். உயிரோடு துடிக்கிற இறாலைத்தான் கொடுவா மீன் தேடி வரும்.

நங்கூரத்தை முன்முனையிலோ பின்முனையிலோ மட்டும்தான் கட்ட வேண்டும். பக்கவாட்டில் கட்டினால் ஓட்டம் அந்த விளிம்பைத் தண்ணீருக்குள் அழுத்திவிடும். இதைச் சொல்லும்போது மட்டும் அண்ணனின் குரல் கடுமையானது.

கிடைத்தது ஒரே ஒரு கெளுத்தி. முதுகில் ஒரு முள், இரு பக்கமும் ஒவ்வொன்று. குத்தினால் விஷக் கடுப்பு. குறடால் தூண்டில் முள்ளைக் கழற்றித் திரும்ப விட்டேன். அது போன திசையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

29 ஜனவரி, புதன்

தை அமாவாசை. அலுவலகம் விட்டதும் நேரே பொழிக்கு, காயல் கடலில் சேரும் வாய்க்குப் போனேன். நம் கரையில் கடலின் ஏற்றவற்றம் ஒரு மீட்டருக்குள்தான்; ஆனாலும் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அது பெருகும், வற்றும்போது காயல் தண்ணீர் முழுவதும் குறுகிய வாய் வழியாகப் பாயும். ஒரு தென்னமட்டை என் கண்முன்னே ஓட்டத்தில் சிக்கிக் கடலுக்குள் போனது. இந்த வாரத்தில் பொழிப் பக்கம் துடுப்புப் போடக் கூடாது என்று அண்ணன் சொன்னதற்குக் காரணம் அந்த மட்டைதான்.

1 பிப்ரவரி, சனி

பாலத்திலிருந்து உள்ளே தள்ளி, அலையாத்தி வேர்கள் இறங்கும் ஓரத்தில் நின்றோம். முதல் இழுப்பில் பதறி, மீன் போன பக்கமே நானும் சாய்ந்தேன். படகு ஆடியது, தூண்டில் இழையான தங்கூசி அறுந்தது. அண்ணன் திட்டவில்லை. "மீன் இழுக்கட்டும், படகும் கூடவே போகட்டும். நீங்கள் படகின் நடுவில் இருந்தால் போதும்."

ஒரு மணி நேரம் கழித்து இரண்டாவது இழுப்பு. ரீலின் இறுக்கத்தைத் தளர்த்தியே வைத்திருந்தேன். தூண்டில் கோலை முன்முனைக்கு நேராகத் திருப்பினேன். படகு மெல்லத் திரும்பி, மீனின் பின்னாலேயே நகரத் தொடங்கியது. என்னை ஒரு மீன் காயலுக்குள் இழுத்துப் போகிறது! அந்தச் சில நிமிடங்களில் என் மனத்தில் வேறு எதுவுமே இல்லை. மீன் களைத்துப் பக்கவாட்டில் திரும்பியபோது வெள்ளி மின்னியது. கொடுவா, இரண்டு கிலோவுக்குக் குறையாது. கைவலையில் அள்ளினேன். செவுள் மூடி கத்திபோல் அறுக்கும் என்று கையுறை தந்தார்.

கொடுவா முதலில் ஆணாக இருந்து, வளர்ந்து பெரிதான பிறகு பெண்ணாகும் மீன். பெரிய மீன்கள்தான் சினை சுமப்பவை. கையில் இருந்தது இளம் ஆணாகத்தான் இருக்கும், எடுத்துக்கொள்ளலாம் என்றார். அம்மா அதைக் கைகளில் ஏந்தி, கண்ணையும் செவுளையும் பார்த்துவிட்டு, "நல்ல மீன்" என்றாள். நாற்பது வருடம் மீன் விற்றவளின் வாயிலிருந்து வந்த சொல்.

8 பிப்ரவரி, சனி

இன்று கடலில் இறங்குவதாக இருந்தது. இறங்கவில்லை. கரையில் உட்கார்ந்து அலைகளை எண்ணினோம். சின்ன அலைகள் வந்துகொண்டே இருக்கும், நடுவே நாலைந்து பெரியவை வரிசையாக ஏறும், பிறகு சிறிது அமைதி. அந்த அமைதியில்தான் போக வேண்டும், வர வேண்டும். இன்று அந்த இடைவெளி மிகவும் குறுகலாக இருந்தது. இங்கே காற்றே இல்லை. தூரக் கடலில் அடித்த காற்றின் அலை நம் கரைக்கு வந்து சேர்கிறது என்றார். எனக்கு ஏமாற்றமாக இருந்தது, ஆனால் அவர் முடிவு சரி.

அதற்குப் பதிலாகக் கணியம், அதாவது கரை அடையாளங்களை வைத்துக் கடலில் இடம் கண்டுபிடிப்பதைச் சொல்லித் தந்தார். கரையில் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரியும் இரண்டு அடையாளங்கள் ஒரு கோடு. இன்னொரு திசையில் வேறு இரண்டு. இரு கோடுகளும் வெட்டும் இடத்தில் பார், அதாவது கடலடிப் பாறை இருக்கும், பாரில் மீன் இருக்கும்.

இரவு சாப்பிடும்போது இதை அம்மாவிடம் சொன்னேன். சோற்றைப் பிசைந்தபடியே, "கோவில் கோபுரம் மருத்துவாழ்மலையின் தோளில் ஏறி நிற்க வேண்டும்" என்றாள். என் கை நின்றுவிட்டது. தாத்தா சாப்பிடும்போது மாமாவுக்குச் சொல்லிக்கொடுத்ததாம். கடலில் ஒருநாளும் இறங்காத அம்மா அதைக் கேட்டு வைத்திருக்கிறாள்.

"மற்றக் கோடு என்னம்மா?"

யோசித்தாள். ஏதோ ஒற்றைப் பனை, அது இப்போது இருக்காது. அதற்குப் பின்னால் எது என்று நினைவில்லை. அத்தைக்குத் தெரிந்திருக்கும். நாளை திருப்பலி முடிந்ததும் இருவரும் அத்தை வீட்டுக்குப் போகிறோம்.